எண்ணெய் வடியும் முகம்

எங்கள் பக்கத்தில் எண்ணெய்க்கு இரண்டு வாழ்க்கை உண்டு. ஒன்று தலையில் வைக்கும் எண்ணெய். பாட்டிமார் உள்ளங்கையில் ஊற்றி, உச்சியில் தட்டி, காதோரமெல்லாம் வழியவிட்டு, 'உடம்புச் சூடு எறங்கட்டும்' என்று சொல்லி வைப்பது. அது அக்கறை, ஆரோக்கியம், தீபாவளிக் காலை. இன்னொன்று முகத்தில் வடியும் எண்ணெய். அது கேலி. "மூஞ்சியில வடை சுடலாம் போலிருக்கே" என்பதை, பாடாங் மேஹாவில் பஸ் ஏறி இடைநிலைப்பள்ளிக்குப் போனவர்களில் பாதிப்பேராவது கேட்டிருப்பார்கள். அதற்கு அடுத்த வாக்கியம் பெரும்பாலும் பருவைப் பற்றியதாக இருக்கும். "சோப்புப் போட்டு நல்லா தேய்ச்சுக் கழுவு, எல்லாம் போயிடும்."

உச்சிக்கும் நெற்றிக்கும் இடையே ஒரு சாண் தூரம்கூட இல்லை. அதற்குள் மரியாதையாக இருந்த பொருள் எப்படி அவமானமாக மாறுகிறது? முகத்து எண்ணெய் அழுக்கு, அந்த அழுக்கில்தான் பரு முளைக்கிறது, ஆகவே பரு உள்ளவர் சுத்தமில்லாதவர் என்கிற இந்த நியாயம் எங்கிருந்து வந்தது?

நான் தோல் மருத்துவன் அல்ல. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியல் படித்துவிட்டுக் கூலிமில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவன். ரப்பர் மூலக்கூறைப் பற்றி வேலைக்காகப் படித்துக்கொண்டிருந்தபோது அதன் நெருங்கிய சொந்தம் ஒன்று மனித முகத்திலேயே இருக்கிறது என்று தெரியவந்தது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனதில் ஒரு சிறைச்சாலைக்கும், பிறகு திரும்பவும் நம் தோட்டத்து மரத்தடிக்கும் வந்து சேர்ந்தேன்.

வயசுப் பரு

தமிழில் பரு, பருவம் இரண்டும் காதுக்கு அக்காள் தங்கை மாதிரி ஒலிக்கின்றன. வேர்ச்சொல் ஆராய்ச்சிக்குப் போகாமலே ஊர்ப்பேச்சு இரண்டையும் சேர்த்துவிட்டது. 'வயசுப் பரு' என்கிறோம். மேற்கத்திய மருத்துவத்தின் 'அக்னே' என்ற சொல்லுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 6ஆம் நூற்றாண்டில் அமிடா நகரத்து ஏட்டியஸ் எழுதிய மருத்துவ நூலில் அது வருகிறது. உச்சம், முனை என்று பொருள்படும் 'அக்மே' என்ற கிரேக்கச் சொல்லைப் படியெடுத்தவர்கள் பிழையாக எழுதியதால் பிறந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். எது எப்படியோ, பழைய ஆட்கள் பருவை வயதின் கணக்கில்தான் வைத்திருந்தார்கள். சுத்தத்தின் கணக்கில் வைக்கவில்லை.

அதற்காக முகத்தைச் சும்மா விட்டார்கள் என்று அர்த்தமில்லை. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கௌலண்ட்ஸ் லோஷன் என்ற முகத் திரவம் பெயர் பெற்றிருந்தது. ஜேன் ஆஸ்டினின் 'பெர்சுவேஷன்' நாவலில்கூட அதன் பெயர் வருகிறது. அதற்குள் இருந்தது பாதரச உப்பு. மேல்தோலை அரித்து உரித்துவிடும். கீழே இருக்கும் புதுத்தோல் கொஞ்ச நாளைக்குப் பளபளவென்று தெரியும். இந்தப் பாதரசத்தை ஞாபகத்தில் வையுங்கள், கடைசியில் திரும்ப வரும்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிருமிகளின் காலம் தொடங்கியது. எந்த நோய்க்கும் ஒரு கிருமியைத் தேடிய காலம் அது. ஜெர்மனியில் பால் கெர்சன் உன்னா பருக்களுக்குள் கோல்வடிவப் பாக்டீரியாவைப் பார்த்து எழுதினார். பாரிஸில் ரேமோன் சபூரோ எண்ணெய்ப் பிசுக்கான தோலையும் அதில் வாழும் நுண்ணுயிரையும் சேர்த்தே நோயின் மூலம் என்றார். அந்தப் பாக்டீரியாதான் 2016 முதல் குட்டிபாக்டீரியம் அக்னெஸ் என்று அழைக்கப்படுகிறது. பரு உள்ளவர், இல்லாதவர் எல்லோருடைய தோலிலும் அது குடியிருக்கிறது என்பது இன்று தெரியும். ஆனால் அன்றைக்குப் படம் வேறாக விழுந்துவிட்டது: எண்ணெய் ஒரு சேற்றுக்குட்டை, கிருமி அதில் வளரும் கொசு.

இந்தப் படத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது மருத்துவர்கள் இல்லை, சோப்புக் கம்பெனிகள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துப் பாட்டர் கம்பெனி தன் குட்டிக்கூரா சோப்புக்கு 1890களில் செய்த விளம்பரங்களில் பரு, கரும்புள்ளி, சொரசொரப்பு, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் ஒரே வரிசையில் நோய்களாக நிற்கும். எண்ணெய்ப் பிசுக்கு என்பது ஒரு தோலின் தன்மை. அது விளம்பரத்தில் ஏறியதும் வியாதி ஆகிவிட்டது. அதே குட்டிக்கூரா பிறகு பவுடர் டப்பாவாக நம் வீட்டுக் கண்ணாடி முன்னாலும் வந்து உட்கார்ந்தது. தலையில் எண்ணெய், முகத்தில் பவுடர். பாட்டியின் உலகமும் கம்பெனியின் உலகமும் ஒரே தலையைப் பங்குபோட்டுக்கொண்டன. எண்ணெயை உறிஞ்சி மறைப்பது நாகரிகம் என்ற பாடம் அந்த வாசனையோடு சேர்ந்தே நமக்குள் இறங்கியது.

நெற்றியில் ஒட்டிய சிகரெட் தாள்

அறிவியல் ஒரு கட்டத்தில் அழுக்குக் கதையை விட்டு நகர ஆரம்பித்தது. 1941இல் அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் ஒரு விஷயத்தைக் காட்டினார். பருவம் எய்துவதற்கு முன்பே விரை நீக்கப்பட்ட ஆண்களுக்குப் பரு வருவதில்லை. அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் சிலருக்குப் பரு வருகிறது. அதே தண்ணீர், அதே சோப்பு, அதே முகம். மாறியது ஹார்மோன் மட்டும்.

அந்த ஹார்மோன் போய்த் தட்டும் கதவு எண்ணெய்ச் சுரப்பி. ஒவ்வொரு மயிர்க்காலின் பக்கத்திலும் ஒரு சின்னத் திராட்சைக் கொத்து மாதிரி அது ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் செல்கள் எண்ணெயை நிரப்பிக்கொண்டு கடைசியில் தாங்களே வெடித்துக் கரைந்து வெளியே வருகின்றன. சீபம் என்று சொல்லப்படும் தோலெண்ணெய் அதுதான். முகம், மார்பு, முதுகின் மேல்பக்கம் இங்கெல்லாம் இந்தச் சுரப்பிகள் பெரிது. பருவ வயதில் இன்னும் பெரிதாகின்றன. மயிர்க்காலின் வாய்ப்பக்கம் உதிர வேண்டிய செல்கள் உதிராமல் ஒட்டிக்கொண்டால் அடைப்பு விழுகிறது. அடைப்புக்குப் பின்னால் எண்ணெய் தேங்குகிறது. பாக்டீரியா பெருகுகிறது, உடம்பின் எதிர்ப்புச் சக்தி சண்டைக்கு வருகிறது, சிவந்து வீங்குகிறது. இதுதான் பரு. மூக்கு நுனியில் தெரியும் கரும்புள்ளியின் கறுப்பும் அழுக்கு இல்லை. தோலின் நிறமியும் காற்றுப்பட்டு மாறிய கொழுப்பும் சேர்ந்த நிறம் அது. தேய்த்தால் போகாததற்குக் காரணம் அதுவே.

1961இல் பாஸ்டனில் ஜான் ஸ்ட்ராஸ், பீட்டர் போச்சி என்ற இரண்டு மருத்துவர்கள் இந்த எண்ணெயை அளக்க வழி கண்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை இது. நெற்றியைத் துடைத்து, சிகரெட் சுற்றும் மெல்லிய தாளை வைத்துக் கட்டி, 3 மணி நேரம் உட்கார வைத்தார்கள். தாள் உறிஞ்சிய எண்ணெயை ஈதரில் கரைத்து எடுத்து, ஈதரை ஆவியாக்கிவிட்டு மிச்சத்தை எடை போட்டார்கள். பெரிய கருவி எதுவுமில்லை. ஆனாலும் பல வருஷத்து வாக்குவாதத்துக்கு ஓர் எண் கிடைத்தது.

அந்த வழியில் பிறகு செய்த அளவீடுகள் சொன்ன பதில் நேர்கோடு இல்லை. சராசரியாகப் பார்த்தால் பரு உள்ளவர்களுக்கு எண்ணெய் கூடுதல்தான். ஆனால் எண்ணெய் வழிந்தும் ஒரு பரு இல்லாத முகங்கள் இருந்தன. அளவான எண்ணெயோடு பரு நிறைந்த முகங்களும் இருந்தன. 1970இல் இங்கிலாந்தில் கன்லிஃப் குழுவினர் இன்னொன்றையும் அளந்தார்கள். தோலின் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் ஏறினால் எண்ணெய் வெளிவருவது ஏறத்தாழ 10 சதவிகிதம் கூடுகிறது. மார்ச் மாத வெயிலில் கெடாவின் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவனின் நெற்றி மின்னுவதற்கு இது போதும். அவன் குளித்தானா இல்லையா என்று விசாரிக்க வேண்டியதில்லை.

ரப்பர் மரத்தின் சொந்தம்

எண்ணெயின் அளவு பதில் சொல்லவில்லை என்றால் அதன் குணத்தைப் பார்க்க வேண்டும். இங்கேதான் ரப்பர் வருகிறது.

1860இல் கிரெவில் வில்லியம்ஸ் என்ற ஆங்கில வேதியியலாளர் ரப்பரைச் சூடாக்கி வடித்தார். ஐந்து கார்பன் கொண்ட ஒரு திரவம் கிடைத்தது. அதற்கு ஐசோபிரீன் என்று பெயர் வைத்தார். நம் மரத்துப் பாலில் இருப்பது இந்த ஐசோபிரீன் அலகுகள் ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலி. 1906இல் ஜப்பானில் மிட்சுமாரு சுஜிமோட்டோ சுறாமீனின் ஈரல் எண்ணெயிலிருந்து இன்னொரு பொருளைப் பிரித்தார். அதற்குப் பிறகு ஸ்குவாலீன் என்று பெயர் வந்தது. அதுவும் ஐசோபிரீன் சங்கிலிதான், ஆனால் மொத்தமே 6 கண்ணி. 1950இல் லண்டனில் மெக்கென்னா, வீட்லி, வோர்மால் மூவரும் மனிதனின் முன்கைத் தோலில் படிந்திருந்த கொழுப்பைக் கரைத்தெடுத்து ஆராய்ந்தபோது அதே ஸ்குவாலீன் அங்கேயும் இருந்தது.

மனிதனின் தோலெண்ணெயில் ஏறக்குறைய 12 சதவிகிதம் ஸ்குவாலீன். மீதியில் பெரும்பங்கு டிரைகிளிசரைடு, மெழுகு எஸ்டர், கொழுப்பு அமிலங்கள். உடம்பின் மற்ற இடங்களில் ஸ்குவாலீன் உண்டானதும் கொலஸ்டிரால் ஆக மாற்றப்பட்டுவிடும். எண்ணெய்ச் சுரப்பி மட்டும் அதைப் பாதிவழியில் நிறுத்தி அப்படியே வெளியே விடுகிறது. மிகச் சில விலங்குகளைத் தவிர வேறெதன் தோலும் இவ்வளவு ஸ்குவாலீனை வைத்திருப்பதில்லை. நம் எண்ணெயில் இருக்கும் ஒரு கொழுப்பு அமிலத்துக்கு ஹோமோ சேப்பியன்ஸ் பெயரையே வைத்து சேப்பியனிக் அமிலம் என்கிறார்கள். சில கிருமிகளை அது தடுக்கிறது. அழுக்கு என்று சொல்லித் துடைப்பதில் ஒரு பகுதி நம் தோலின் காவல்காரன்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும். பச்சை ரப்பரை வெயிலில் அப்படியே போட்டுவைத்தால் நாளாக ஆகப் பிசுபிசுக்கும். பழைய ரப்பர் வளையம் வெடிப்பு விட்டு அறுந்துபோகும். ஐசோபிரீன் சங்கிலியில் இருக்கும் இரட்டைப் பிணைப்புகளை ஆக்சிஜனும் ஓசோனும் தாக்குவதுதான் காரணம். டயர் செய்கிறவர்கள் இதைத் தடுக்கத் தனியாக மருந்து கலக்கிறார்கள். முகத்து ஸ்குவாலீனுக்கும் இதே இரட்டைப் பிணைப்பு, இதே எதிரிகள். வெயிலும் காற்றும் பட்டு அது பெராக்சைடு ஆகிறது. 1983இல் ஜப்பானிய ஆய்வாளர் மோட்டோயோஷி இந்தப் பெராக்சைடை முயல் காதில் தடவிப் பார்த்தார். கெடாத ஸ்குவாலீனைவிடக் கெட்டுப்போன ஸ்குவாலீன் மயிர்க்காலை மிக மோசமாக அடைத்தது. 1986இல் அமெரிக்காவில் டவுனிங், ஸ்ட்ராஸ் குழுவினர் இன்னொரு விளக்கத்தை முன்வைத்தார்கள். எண்ணெய் அதிகமாகச் சுரக்கும்போது அதில் லினோலியிக் அமிலத்தின் பங்கு நீர்த்துப்போகிறது. மயிர்க்காலின் சுவரைச் சீராக வைத்திருக்க அது தேவை.

ஆகவே எவ்வளவு எண்ணெய் என்பதோடு எப்படிப்பட்ட எண்ணெய், அது வெளியே வந்த பிறகு என்ன ஆகிறது, யாருடைய மயிர்க்கால் அதற்கு எப்படி எதிர்வினை செய்கிறது என்பதும் சேர்ந்துதான் பரு. பரம்பரைக்கு அதில் பெரிய பங்கு. 'நல்லா தேய்ச்சுக் கழுவு' என்பது இதில் எந்த இடத்திலும் மருந்தாக வரவில்லை. அழுத்தித் தேய்த்தால் புண் கூடும்.

ஹோம்ஸ்பர்க்

முயல் காது என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். அந்தக் காதுக்குப் பக்கத்தில் மனிதர்களும் இருந்தார்கள்.

பரு அறிவியலில் தவிர்க்க முடியாத பெயர் ஆல்பர்ட் கிளிக்மன். பென்சில்வேனியா பல்கலைக்கழகத் தோல் மருத்துவர். 1951இல் ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைக்கு, அங்கே பரவிய பாதப் படையைப் பார்க்க அழைக்கப்பட்டுப் போனார். வரிசையாக நின்ற கைதிகளைப் பார்த்தபோது, வளமான நிலத்தை முதல் முறை பார்த்த விவசாயி போல உணர்ந்ததாகப் பின்னாளில் ஒரு பத்திரிகையிடம் சொன்னார். அவருக்குத் தெரிந்தது ஏக்கர் கணக்கில் தோல். 1974 வரை அங்கே பரிசோதனைகள் நடந்தன. கைதிகளில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர், பலர் தீர்ப்புக்காகக் காத்திருந்தவர்கள், ஜாமீனுக்குப் பணம் இல்லாதவர்கள். சில டாலருக்காக முதுகைக் கொடுத்தார்கள். ஆலன் ஹார்ன்ப்ளம் 1998இல் எழுதிய புத்தகத்துக்கு 'ஏக்கர்ஸ் ஆஃப் ஸ்கின்' என்றே பெயர்.

கிளிக்மனின் கண்டுபிடிப்புகளை நாம் இன்றும் பயன்படுத்துகிறோம். வைட்டமின் ஏ அமிலமான ட்ரெட்டினோயின் பருவின் அடைப்பைத் திறக்கும் என்று அவரும் ஃபுல்டன், ப்ளெவிக் இருவரும் 1969இல் எழுதினார்கள். ரெட்டின்-ஏ அதிலிருந்து வந்த மருந்து, அதைச் சிறைக் கைதிகள் மேல் பரிசோதித்திருந்தார்கள். தலைக்குப் போடும் பொமேட் நெற்றிக்கு இறங்கிச் சின்னச் சின்னப் பருக்களை உண்டாக்குகிறது என்று இதே மூவரும் 1970இல் எழுதினார்கள். நம் தலையெண்ணெய்க்கும் இது பொருந்தும், அதை மறைக்க வேண்டியதில்லை. அழகுப் பொருள் டப்பாக்களில் 'துளைகளை அடைக்காது' என்று எழுதியிருக்கிறதே, அந்த எண்ணத்தின் தொடக்கமும் இந்தக் கூட்டத்தின் முயல் காதுச் சோதனைகள்தான். தேங்காய் எண்ணெய்க்கு அதில் அடைக்கும் குணம் அதிகம் என்று மதிப்பெண் விழுந்தது. முயல் காது மனித முகத்தைவிட எளிதில் அடைபடும் என்பது பிறகு தெரிந்தும், அந்தப் பட்டியல் இன்னும் கைக்குக் கை சுற்றுகிறது.

அதே சிறையில் இன்னொன்றும் நடந்தது. 1960களின் நடுவில் டவ் கெமிக்கல் கம்பெனி கிளிக்மனுக்கு 10,000 டாலர் கொடுத்து டையாக்சினைக் கைதிகளின் தோலில் சோதிக்கச் சொன்னது. சுமார் 70 பேர். கம்பெனி சொன்ன அளவில் ஒன்றும் நடக்கவில்லை என்று கண்ட கிளிக்மன், 10 பேருக்கு அளவை 7,500 மைக்ரோகிராமுக்கு ஏற்றினார். கம்பெனி அனுமதித்ததைப் போல 468 மடங்கு. 8 பேருக்குப் பரு போன்ற புண்கள் வந்து மாதக்கணக்கில் நின்றன. பின்னால் அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை விசாரித்தபோது அந்தக் கைதிகள் யார் என்று கண்டுபிடிக்கப் பதிவேடு இல்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது 2021இல். ஃபிலடெல்ஃபியா நகரம் கேட்டது 2022இல்.

எண்ணெய் இல்லாத பரு

கம்பெனிக்கு ஏன் அந்தச் சோதனை தேவைப்பட்டது? அதன் தொழிலாளிகளின் முகத்தில் குளோரக்னே வந்துகொண்டிருந்தது. குளோரக்னே என்ற பெயரை 1899இல் ஜெர்மன் மருத்துவர் கார்ல் ஹெர்க்ஸ்ஹைமர் வைத்தார். கன்னம், காதுக்குப் பின்புறம் எங்கும் கரும்புள்ளியும் கட்டியுமாக வரும், வருஷக்கணக்கில் நிற்கும். 1949இல் அமெரிக்காவின் நைட்ரோ நகரத்து மான்சாண்டோ ஆலை விபத்தில் தொழிலாளிகளுக்கு வந்தது. 1957இல் ஹாம்பர்க்கில் கார்ல்-ஹைன்ஸ் ஷுல்ஸ் குற்றவாளியைப் பிடித்தார்: 2,4,5-டி என்ற களைக்கொல்லியைத் தயாரிக்கும்போது கூடவே உண்டாகும் டிசிடிடி என்ற டையாக்சின். 1976இல் இத்தாலியின் செவெசோவில் குழந்தைகளின் முகத்தில் இதைப் பார்த்தார்கள். 2004இல் விஷம் கொடுக்கப்பட்ட உக்ரைன் தலைவர் யுஷ்செங்கோவின் முகத்தை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது.

இந்தப் பருவில் ஒரு விசித்திரம் உண்டு. குளோரக்னே வந்த தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் சுருங்கிக் காணாமல் போகின்றன. அந்த இடத்தில் கெராட்டின் அடைத்த பைகள் உண்டாகின்றன. தோல் வறண்டு கிடக்கும், பரு நிறைந்திருக்கும். எண்ணெய்தான் பரு என்ற கதைக்கு இதைவிடப் பெரிய மறுப்பு இல்லை.

2,4,5-டி நமக்குத் தூரத்துப் பொருள் இல்லை. 1950களில் அவசரகாலத்தில் பிரிட்டிஷ் அரசு மலாயாவின் சாலையோரப் புதர்களையும் காட்டுக்குள் இருந்த பயிர்களையும் அழிக்க இந்த வகைக் களைக்கொல்லிகளைப் பயன்படுத்தியது. 1961இல் வியட்னாமில் செடிகொல்லி தெளிக்கலாமா என்று அமெரிக்க அரசுக்குள் பேச்சு வந்தபோது, மலாயாவில் பிரிட்டிஷார் செய்திருக்கிறார்களே என்று முன்னுதாரணமாகக் காட்டினார்கள்.

தோட்டத்துக்குள்ளும் அது வந்தது, வேறு வேஷத்தில். 1951இல் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சஞ்சிகையில் சாப்மன் ஒரு கட்டுரை எழுதினார். மரத்தின் பட்டையைச் சுரண்டி, 2,4-டி அல்லது 2,4,5-டியைச் செம்பனை எண்ணெயில் கலந்து பூசினால் பால் கூடுதலாக வடிகிறது. செடியைக் கொல்லும் மருந்து கொஞ்சமாகக் கொடுத்தால் மரத்தை அதிகம் அழ வைக்கிறது. எத்ரல் வந்து இடத்தைப் பிடிக்கும்வரை இந்த வகைப் பூச்சுகள் புழக்கத்தில் இருந்தன. பட்டையைச் சுரண்டுவதும் எண்ணெயைப் பூசுவதும் கையால் செய்யும் வேலை. யாருடைய கை என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிறகு செம்பனை வந்தது. மருந்து அடிக்கும் வேலை பெரும்பாலும் பெண்களிடம் போனது. தெனாகானித்தா அமைப்பு 2002இல் வெளியிட்ட அறிக்கை, மருந்து தெளிக்கும் தோட்டப் பெண்களின் தோல், கண், நகக் கோளாறுகளைப் பதிவு செய்தது. பாராகுவாட் முழுமையாகத் தடை செய்யப்பட்டது 2020இல்தான்.

'தோட்டத்துக்காரங்க தோலப் பாத்தாலே தெரியும்' என்பது டவுன் ஆட்கள் சொல்லும் பேச்சு. தெரியும்தான். ஆனால் அதில் எழுதியிருப்பது வெயிலும் வேலையும் மருந்தும். சுத்தத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

பசார் மாலாம் டப்பா

இதெல்லாம் பழங்கதை என்று சொல்ல விடாமல் தடுப்பது ஒரு சின்ன டப்பா.

என் உறவுக்காரப் பெண் ஒருத்தி பருவுக்காக ஒரு கிரீம் வாங்கிப் போட்டாள். இரவுச் சந்தையில் வாங்கியது, பெயரைச் சொல்லவில்லை. ஒரே வாரத்தில் பரு அடங்கியது, முகம் வெளுத்தது. எல்லோரும் என்ன போடுற என்று கேட்டார்கள். மூன்று மாதம் கழித்து நிறுத்தியபோது முன்பைவிட இரண்டு மடங்கு பரு. கன்னம் சிவந்து எரிந்தது. மறுபடி போட்டால் அடங்கும், விட்டால் வரும். அவள் அந்தக் கிரீமை மேலும் ஒரு வருஷம் விடவில்லை.

மலேசிய சுகாதார அமைச்சு அவ்வப்போது அழகுப் பொருட்களின் பதிவை ரத்து செய்து அறிக்கை விடும். அந்த அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் நான்கு: ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினோயின், பீட்டாமெத்தசோன், பாதரசம். முதல் இரண்டோடு ஒரு ஸ்டீராய்டும் சேர்ந்த கலவைக்கு மருத்துவ உலகில் ஒரு பெயர் உண்டு: கிளிக்மன் ஃபார்முலா. மனிதத் தோலின் நிறத்தைக் குறைக்கும் புதிய சூத்திரம் என்று 1975இல் அவரும் வில்லிஸும் எழுதியது. அவர்களின் ஸ்டீராய்டு டெக்சாமெத்தசோன். சந்தை டப்பாவில் பீட்டாமெத்தசோன், அதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. மருத்துவர் கண்காணிப்பில், குறிப்பிட்ட நோய்க்கு, குறிப்பிட்ட காலம் மட்டும் கொடுக்க வேண்டிய மருந்து, லேபிளில் பெயரே இல்லாமல் பருவுக்கும் நிறத்துக்கும் சேர்த்து விற்கப்படுகிறது. ஸ்டீராய்டு முதலில் வீக்கத்தை அமுக்கும், அதனால்தான் ஒரு வாரத்தில் அதிசயம் தெரிகிறது. தொடர்ந்து போட்டால் அதுவே பருவை உண்டாக்கும். பாதரசம் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைத் தாக்கும். கௌலண்ட்ஸ் லோஷன் செத்துப்போகவில்லை, வேறு டப்பாவில் இருக்கிறது.

பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல வருஷமாக இதைப் பற்றி எச்சரித்துவருகிறது. ஆனாலும் டப்பா விற்கிறது. ஏன் விற்கிறது என்பதற்குப் பதில் வேதியியலில் இல்லை. எண்ணெய் வடியும் கறுத்த முகம் அவமானம் என்று நாம் ஒருவரை ஒருவர் நம்ப வைத்திருக்கிறோம். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும்போது, ஹோட்டல் கவுண்டரில் வேலைக்கு ஆள் எடுக்கும்போது, வகுப்பில் பட்டப்பெயர் வைக்கும்போது. டப்பாக்காரன் அதை உண்டாக்கவில்லை, அறுவடை செய்கிறான்.

பருவுக்கு மருத்துவம் இல்லாமல் இல்லை. பென்சாயில் பெராக்சைடு, ட்ரெட்டினோயின் குடும்பத்து மருந்துகள், கடுமையானதற்கு 1982 முதல் புழக்கத்தில் உள்ள ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை. கடைசியில் சொன்னது எண்ணெய்ச் சுரப்பையே பெருமளவு வற்றச் செய்யும். ஆனால் கர்ப்பத்தில் இருக்கும் குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கும் என்பதால் மருத்துவர் இல்லாமல் தொடக்கூடாது. அரசாங்க கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கொடுத்து டாக்டரிடம் கேட்கலாம், அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. கிரீம் வாங்கினால் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தளத்தில் அதன் பதிவு எண்ணைத் தட்டிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். எண் இல்லாத டப்பாவை யார் கொடுத்தாலும், அத்தையே கொடுத்தாலும், முகத்தில் போடாதீர்கள். தலைக்கு எண்ணெய் வைக்கிறவர்கள் நெற்றிக்கு இறங்காமல் வைத்து, சீயக்காயோ ஷாம்புவோ போட்டு அலசிவிட்டால் பாட்டிக்கும் கிளிக்மனுக்கும் சண்டை வராது.

நெற்றியில் மின்னும் அந்த எண்ணெயில் 6 கண்ணி ஸ்குவாலீனும், நம் இனத்தின் பெயரைத் தாங்கிய ஓர் அமிலமும் இருக்கின்றன. அதைப் பற்றி நாம் தெரிந்துவைத்திருப்பதில் ஒரு பங்கு, பெயர் பதிவாகாத கைதிகளின் முதுகிலிருந்து வந்தது. அடுத்த முறை வகுப்பிலோ வேலையிடத்திலோ யாராவது ஒரு பிள்ளையின் மூஞ்சியில் வடை சுடலாம் என்று சிரிக்கும்போது, கூடச் சிரிக்காமல் இருப்பது நம்மால் முடிந்த காரியம். அந்தப் பிள்ளை வீட்டில் எந்த டப்பாவைத் திறக்கிறது என்று கேட்பது அதைவிட அவசரம்.